மேடை போடாத ரிசப்ஷன்

ஏனுங்க, மடியில இருக்கறது கல்யாணப் பத்திரிகைக் கட்டுதானுங்களே? இன்னும் பிரிக்கவே இல்லையாட்ட இருக்குது. அச்சாபீஸ்ல இருந்து நேரா பஸ் ஏறிட்டீங்களா? ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க, பரவால்லீங்க. பொண்ணுக்குங்களா? சந்தோசம். முகூர்த்தம் சரி, ரிசப்ஷன் எந்த மண்டபம்?

என்னது? புள்ளைங்களே பாத்துக்கறாங்களா? அவுங்களே பிளான் பண்றாங்களா?

அடப் போங்க. நீங்க சத்தி வரைக்கும் போறீங்க, நான் புளியம்பட்டியில இறங்கிக்குவேன். அதுவரைக்கும் நான் சொல்றதைக் கேளுங்க. கேட்டுட்டு வூட்டுக்குப் போயி மொத வேலையா அந்தப் பிளானை நிறுத்துங்க. ஒன்பது நாளைக்கு முன்னாடி நானும் உங்களாட்டத்தான் சிரிச்ச மொகமா இருந்தேன்.

எம்பேரு அவினாசியப்பன். முப்பத்தொரு வருசம் கவர்மெண்ட் பஸ்ல குப்பை கொட்டினவன். கண்டக்டரா சேந்து, செக்கிங் இன்ஸ்பெக்டரா ரிட்டையர் ஆனேன். படியில கால் வைக்கறப்பவே சொல்லிருவேன், இந்த வண்டியில டிக்கெட் எடுக்காதவன் எவன்னு. மொகம்! மொகத்தைப் படிக்கத் தெரியணும். மூணாவது சீட்டுல ஒருத்தன் திடீர்னு தூங்க ஆரம்பிப்பான், அவன்தான். என்கிட்ட ஆரும் ஒண்ணையும் மறைக்க முடியாதுங்க.

அதுமில்லாம, கல்யாணத்துல வாழ்த்துரைன்னா இந்தச் சுத்துவட்டாரத்துல என்னைத்தான் கூப்புடுவாங்க. டெப்போவுல எவன் வூட்டு விசேசமா இருந்தாலும் மைக்கு எங்கைக்குத்தான் வரும். "இல்லறம் ஒரு பஸ் பயணம்"னு ஆரம்பிப்பேன். புருசன் டிரைவர், பொண்டாட்டி கண்டக்டர், மாமியார் செக்கிங் இன்ஸ்பெக்டர். அந்த எடத்துல மண்டபமே சிரிக்கும். இருபது வருசமா அதே எடத்துலதான் சிரிக்கறாங்க. நானும் ஒரு எழுத்து மாத்தலை. எதுக்கு மாத்தோணும்?

எனக்கு ஒரே பொண்ணு, இந்துஜா. பெங்களூருல கம்ப்யூட்டர் வேலை. மாப்ள கரூர்ப் பக்கம், தரணீஷ், மாட்டு டாக்டர். அவுங்களே பாத்துப் புடிச்சுக்கிட்டாங்க, அதுலகூட நான் குறுக்க நிக்கலைங்க. தாலி கட்டறது கோயில்ல, காலைல, நம்ம முறைப்படி. அதுவும் சரி. ரிசப்ஷனுக்கு நான் பெரிய மண்டபமாப் பாத்து வச்சிருந்தேன். ஆயிரத்தி எறநூறு பேர் உக்காரலாம். டெப்போ பூரா வரணும், சொந்தபந்தம், ஒரம்பரை பூரா வரணும், மேடையில பின்னாடி தாமரைப் பூவாட்டம் செட்டிங்கு, நடுவுல ரெண்டு ராஜா ராணி நாற்காலி. பேசி முடிச்சுட்டேன்னே வச்சுக்கங்க.

ஒரு ஞாயித்துக்கெழமை ரெண்டு பேரும் வூட்டுக்கு வந்தாங்க. கையில சார்ட்டு பேப்பரு. எங்கூட்டு ஹால் செவுத்துல, நல்லாப் பெயிண்ட் அடிச்ச செவுரு, அதுல ஒட்டுனாங்க. அதுமேல பச்சையும் மஞ்சளுமா துண்டுக் காகிதம் ஒட்டறாங்க. ஒரு பக்கம் "வேணும்", இன்னொரு பக்கம் "வேண்டாம்". வேண்டாம்ங்கற பக்கம் என்னெல்லாம் இருக்குதுன்னு நெனைக்கறீங்க? மண்டபம் வேண்டாம். மேடை வேண்டாம். ராஜா ராணி நாற்காலி வேண்டாம். வரிசையில நின்னு போட்டோ எடுக்கறது வேண்டாம். அப்பறம் ஒரு மஞ்சக் காகிதத்துல, சின்ன எழுத்துல, "வாழ்த்துரை வேண்டாம்".

என் வூட்டுச் செவுத்துல, எனக்கே!

"ஏம்மிணி, மேடையே இல்லைன்னா பொண்ணு மாப்ளய சனம் எங்கன்னு தேடும்?"ன்னு கேட்டேன்.

"நாங்களே ஒவ்வொருத்தர்கிட்டயும் போவோங்கப்பா. உக்காந்து பேசுவோம்"ங்கறா.

"ஆயிரத்தி எறநூறு பேர்கிட்டயுமா?"

"நூத்தி அறுவது பேர்தாங்கப்பா."

நூத்தி அறுவது! ரெண்டு பஸ்சுல நிக்க வச்சா முடிஞ்சு போச்சு. எங்க டெப்போவுல காலைச் சிப்டுக்கே அதைவிட ஆளு அதிகம். நான் எம்பொண்டாட்டி சுலோசனாவைப் பாத்தேன். அவ எனக்குச் சப்போட்டா ரெண்டு வார்த்தை சொல்லுவான்னு பாத்தா, ஒரு பச்சைக் காகிதத்தை எடுத்து அவளும் எழுதி ஒட்டறா. என்ன எழுதியிருக்கான்னு கண்ணாடியப் போட்டுப் பாத்தா, "தேங்கா பன்". ரிசப்ஷன்ல ஆராச்சும் தேங்கா பன் போடுவாங்களாங்க? அது என்ன சாவு வூட்டுக்கு வந்தவங்களுக்குக் குடுக்கற டீ பன்னா? கேட்டா, "இந்துவுக்குப் புடிக்கும்ங்க"ங்கறா. மாப்ள ஊருத் தட்டுவடைக் கரம் கடை ஒண்ணு, மொளகா பஜ்ஜி ஒண்ணு, எலைச் சாப்பாடு ஒண்ணு, கூடவே தேங்கா பன்னு. எங்க புளியம்பட்டி பஸ் ஸ்டாப்புக்கு எதுத்தாப்புல பேக்கரி வச்சிருக்கற லாரன்ஸ் போட்டுக் குடுக்கறானாம். போட்டுக் குடுக்கறதோட விட்டாங்களா, அவனுக்குப் பத்திரிகையும் வச்சாச்சு. டெப்போ மேனேஜருக்கு எடமில்லை. பேக்கரிக்காரனுக்கு எடம் இருக்குது.

இப்படியே மூணு மாசம். தெனம் சாயங்காலம் வீடியோ கால். மேசைக்கு நம்பர் போடறதா, பேர் வைக்கறதா? என்ன பேர் வைக்கறது? எந்தப் பேர் மேசையில ஆரை உக்கார வைக்கறது? ஒரு மேசைக்குப் பேர் வைக்க ஒண்ணேகால் மணி நேரம் பேசறாங்க. எங்க காலத்துல இந்த நேரத்துல ஒரு பொண்ணையே பாத்து முடிச்சிருவாங்க. "எங்களுக்குப் புடிச்ச மாதிரி, எங்களைப் பத்தின மாதிரி இருக்கணும்ங்கப்பா"ங்கறா. கல்யாணம்ங்கறது உங்களைப் பத்தினதா அம்மிணி? ஊரைப் பத்தினதில்லையா? கேட்டேன். சிரிச்சா.

கடைசியில ஒரு நாள் அவளே போன் பண்ணினா. "அப்பா, வருத்தப்படாதீங்க. வாழ்த்துரைதான் வேண்டாம்னு சொன்னேன். நீங்க பேசுங்க. ஆனா என்னைப் பத்தி ஒரே ஒரு கதை. சின்ன வயசுல நடந்தது, உங்களுக்கு மட்டும் தெரிஞ்சதா இருக்கணும். மூணு நிமிசம்."

மூணு நிமிசம்! எனக்கு "பெரியோர்களே, தாய்மார்களே" சொல்லி முடிக்கவே மூணு நிமிசம் வேணும். சரின்னேன். சரின்னு சொல்லிட்டு மனசுக்குள்ள என்ன முடிவு பண்ணுனேன்னா, மைக்கு கையில வந்துருச்சுன்னா அப்பறம் எவன் புடுங்கறான்னு பாத்துக்கலாம்.

அந்த நாளும் வந்துச்சு. ஆனைமலைக்குப் பக்கத்துல ஒரு தென்னந்தோப்பு. மத்தியானம் மூணு மணிக்கு ரிசப்ஷன், கேள்விப்பட்டிருக்கீங்களா? சனம் கண்ணு சொக்கற நேரம். நான் பட்டு வேட்டி, பட்டுச் சட்டை. எம்பொண்ணு என்ன உடுத்தியிருந்தாங்கறீங்க? பட்டுச் சேலைதான், நல்ல மாம்பழக் கலரு. கீழ பாத்தா, காலுக்குக் கேன்வாஸ் சூ. வெள்ளைச் சூவு! "செருப்பு எங்க?"ன்னேன். "அப்பறம் தெரியுங்கப்பா"ன்னா.

மேசைக்கு மேசை ஒரு சின்னப் பலகை நட்டு, அதுல பேரு. "ஹாஸ்டல் மொட்டை மாடி." அதுல அவ கூடப் படிச்ச புள்ளைங்க. "மாட்டாஸ்பத்திரி." அதுல மாப்ளயோட கூட்டம். "கரூர் கரம் கடை." அவுங்க ரெண்டு பேரும் மொத மொதல்ல பேசிக்கிட்ட எடமாம், அதுக்கு ஒரு மேசை. எனக்கு எந்த மேசைன்னு தேடிட்டு வர்றேன், கடைசி தென்னைமரத்துக்குப் பக்கத்துல, "புளியம்பட்டி பஸ் ஸ்டாப்".

குத்திக் காட்டறாங்கன்னே நெனச்சேன். பஸ்சுல வேலை பாத்தவன், போயி பஸ் ஸ்டாப்புல உக்காருன்னு. அந்த மேசையில சுலோசனா, நானு, எந்தம்பி, எனக்கு அக்கட்டால, பக்கத்து நாற்காலியில ஆருன்னு பாத்தா, லாரன்ஸ்! வெள்ளைச் சட்டையப் போட்டுக்கிட்டு, மொதலாளியாட்டம்.

"வணக்கங்க சார்"ங்கறான்.

நான் தலைய மட்டும் ஆட்டினேன். கல்யாணப் பொண்ணோட அப்பன் மேசையில பேக்கரிக்காரன்.

அதுக்கப்பறம் மாப்ளயோட அக்கா மைக்கைப் புடிச்சு, ஒரு விளையாட்டுன்னு ஆரம்பிச்சாங்க. மணமக்களைப் பத்தி ஆருக்கு நெறயத் தெரியும்னு போட்டி. ஆளுக்கொரு சிலேட்டு, ஒரு சாக்பீசு. கேள்வி கேப்பாங்க, எழுதித் தூக்கிக் காட்டணும். அறுபத்திரெண்டு வயசுல சிலேட்டு! சரி, எம்பொண்ணைப் பத்தின கேள்வி, எனக்குத் தெரியாம எவனுக்குத் தெரியப் போகுதுன்னு சட்டைக் கையை மடிச்சு விட்டேன். என் கையெழுத்து அச்சாட்டம் இருக்கும்ங்க.

மொதக் கேள்வி, பொண்ணுக்கு ரொம்பப் பயமான பொருள் எது? எம்பொண்ணு எதுக்கும் பயப்பட மாட்டா. அவளை அப்படித்தான் வளத்தேன். "பயமே கிடையாது"ன்னு எழுதித் தூக்கினேன். சுலோசனா "பலூன்"னு எழுதியிருக்கா. பலூன்தான் சரியான பதிலாமுங்க! படார்னு வெடிச்சுருமோன்னு அந்தப் பக்கமே போக மாட்டாளாம். நல்ல கூத்து. அவ பொறந்த நாளைக்கு வருசா வருசம், ஹால் பூரா பலூன் கட்டச் சொல்லிட்டுத்தான் நான் டூட்டிக்கே போவேன். பயமா இருந்தா வாயத் தொறந்து சொல்லணுமில்ல?

ரெண்டாவது, பொண்ணுக்குப் புடிச்ச விளையாட்டு. இதுல நான் அசைய மாட்டேன். செஸ். தேக்குல செஸ் போர்டு வாங்கிக் குடுத்தவனே நான்தான். "செஸ்"னு எழுதினேன். கோகோவாம்! கோகோ! சட்டையெல்லாம் மண்ணாக்கிக்கிட்டு ஓடுவாங்களே, அது. சரி, செஸ்சுல புத்தி வளரும், கோகோவுல என்ன வளரும்? கேள்வியே தப்பு. புடிச்ச விளையாட்டுன்னா கேக்கறது, புடிக்க வேண்டிய விளையாட்டுன்னு கேக்கணும்.

மூணாவது, ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் பள்ளிக்கூடம் விட்டதும் பொண்ணு எங்க போயி நிக்கும்? "டியூஷன்"னு எழுதினேன். எந்தப் புள்ளையும் அங்கதானே போகும்? அக்கம்பக்கத்துல ஒரு சிலேட்டும் மேல போகலை, சுலோசனாகூடச் சிலேட்டைக் கவுத்து வச்சுக்கிட்டா. எம்பக்கத்துல லாரன்ஸ் மட்டும் சிலேட்டைத் தூக்கறான். கோணக் கோணலா, "எங்க கடைக்கி எதுக்க பஸ் டாப்பு". எழுத்துப் பிழையோட. அதுக்கு எல்லாரும் கைதட்டறாங்க! இந்துஜா அங்கிருந்து ஓடி வந்து, "லாரன்ஸ் அண்ணனுக்குத்தான் பரிசு"ன்னு ஒரு துளசிச் செடித் தொட்டியக் கையில குடுக்கறா. அவன் கண்ணைத் தொடச்சுக்கறான். இதுல அழறதுக்கு என்ன இருக்குது?

எனக்குச் சுறுசுறுன்னு வந்துச்சு. நான் சுலோசனாகிட்ட குனிஞ்சு, "வயசுப் புள்ளய அஞ்சு வருசம் பஸ் ஸ்டாப்புல நிக்க விட்டிருக்கயே, அங்க நின்னு என்ன வெட்டிப் பேச்சு?"ன்னு கேட்டேன்.

"ஆருகிட்டயும் பேச மாட்டாளுங்க. சும்மா நின்னுட்டு, ஆறு மணிக்கு வந்துருவா"ன்னா.

"சும்மா எதுக்கு நிக்கணும்?"

அவ என்னைப் பாத்தா. பாத்துட்டு, தண்ணி பாட்டிலை எடுத்து எங்கிட்ட நீட்டறா. நான் தண்ணியா கேட்டேன்?

அப்பறம் மைக்கு மேசை மேசையா வந்துச்சு. ஒவ்வொருத்தரும் ஒரு கதை. மூணு நிமிசம் ஆச்சுன்னா மாப்ளயோட சினேகிதன் ஒருத்தன் விசில் ஊதுவான். என்ன விசிலுங்கறீங்க? கண்டக்டர் விசில்! எங்கயோ தேடி வாங்கியிருக்காங்க. என் முறை வந்துச்சு. எந்திரிச்சு, துண்டைச் சரி பண்ணிக்கிட்டு, "பெரியோர்களே, தாய்மார்களே, இல்லறம் ஒரு பஸ் பயணம்"னு ஆரம்பிச்சேன். டிரைவர் முடிஞ்சு, கண்டக்டர் முடிஞ்சு, மாமியாருக்கு இன்னும் வரவே இல்லை, பீப்பீன்னு ஊதறான். முப்பத்தொரு வருசம் விசிலுக்கு நடுவுல வாழ்ந்தவனுங்க நான். என்னைப் பாத்து எவனும் விசில் ஊதுனதில்லை.

"கதைங்கப்பா, கதை"ன்னு இந்துஜா அங்கிருந்து கை காட்டறா. "இன்னொரு மூணு நிமிசம் எடுத்துக்குங்க."

கதைதானே வேணும்? எங்கிட்ட கதைக்கா பஞ்சம்? டெப்போவே இன்னைக்கு வரைக்கும் பேசற கதை ஒண்ணு இருக்குது. அதைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்றேன், கேளுங்க.

அவ ஒன்பதாவது படிக்கறா. பள்ளிக்கூடத்துல இருந்து வூட்டுக்கு ரெண்டு ஸ்டாப்பு, அதுக்கு ஸ்டூடண்ட் பாஸ் இருக்குது. அன்னைக்கு நாங்க மூணு பேரு சத்தி ரோட்டுல செக்கிங். ஒரு வண்டியக் கை காட்டி நிறுத்தி ஏறினா, நடுவுல, கம்பியப் புடிச்சுக்கிட்டு, எம்பொண்ணு! வூட்டுக்கு எதுத்த தெசையில போற வண்டி. என்னைப் பாத்ததும் மொகமெல்லாம் சிரிப்பு. "அப்பா"ன்னு முன்னாடி வர்றா. என்கூட ரெண்டு இன்ஸ்பெக்டர் நிக்கறாங்க, வண்டி பூரா சனம். நான் சொன்னேன், "டூட்டியில அப்பா கிடையாது. பாஸை எடு." எடுத்துக் குடுத்தா. "இது இந்த ரூட்டுக்குச் செல்லாது." பாஸைப் பறிமுதல் பண்ணி, பேர் எழுதி, அடுத்த ஸ்டாப்புல இறக்கி விட்டேன். அங்கிருந்து வூட்டுக்கு நடந்தே வந்தா. சொந்தப் பொண்ணுன்னு பாக்கலை! அதுதாங்க நேர்மை.

இதைச் சொல்லி முடிச்சுட்டு நின்னேன், கைதட்டுக்கு. டெப்போவுல சொன்னா எந்திரிச்சு நின்னு தட்டுவாங்க. இங்க ஒரு சத்தம் இல்லை. தென்னை ஓலைதான் சரசரங்குது. அந்த விசில்காரப் பயல் விசிலை வாயில இருந்து எடுத்துட்டான். மாப்ள மட்டும் மெதுவா ரெண்டு தட்டுத் தட்டினாரு. எனக்கென்னமோ அது கைதட்டாவே தெரியலை.

இந்துஜா நடந்து வந்து எங்கையில இருந்து மைக்கை வாங்கினா. "இந்தக் கதையில அப்பாவுக்குத் தெரியாத ஒரு விசயம் இருக்குது. அதை இன்னைக்கு நான் சொல்லப் போறதில்லை. வெயில் எறங்கிருச்சு, எல்லாரும் வாங்க, விளையாடலாம்"னா. சொல்லிட்டு, என் தோள்மேல கையை ஒரு நிமிசம் வச்சுட்டுப் போயிட்டா.

தெரியாத விசயமா? எனக்கா?

சனமெல்லாம் எந்திரிச்சு தோப்புக்கு நடுவுல போகுது. நானும் லாரன்சும்தான் மேசையில. அவன் துளசித் தொட்டிய மடியில வச்சுக்கிட்டு, "நான் சொல்லலாமுங்களா சார்?"ங்கறான்.

"சொல்லு. உனக்குத்தான் எல்லாம் தெரியுமே."

"அன்னைக்குப் பாப்பா என் கடைக்கு ஓடி வந்து, 'அண்ணா, செக்கிங் வண்டி எந்தப் பக்கம் போச்சு'ன்னு கேட்டுச்சுங்க. நான்தான் சத்தி ரோடுன்னேன். பையில ஒரு விண்ணப்பப் பாரம் வச்சிருந்துச்சு. ஜில்லா கோகோ டீம்ல சேத்திருக்காங்க, அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போடணும், மறாநாளு காலைல கடைசி. நீங்க வூட்டுக்கு வந்து நாலு நாளாச்சாம். அம்மாவையே போடச் சொல்லலாமே பாப்பான்னேன். 'இல்லைங்ணா, எங்கப்பா போடட்டும். அப்பத்தான் நான் விளையாடறேன்னு அவருக்குத் தெரியும்'னுச்சு. வந்த வண்டியில ஏறிருச்சு."

அவனே மறுபடியும் சொன்னான். "தெனம் பஸ் ஸ்டாப்புல நிக்கறதும் அதுக்குத்தானுங்க. எந்த வண்டியிலயாச்சும் நீங்க வந்து இறங்குவீங்களான்னு. மழை பேஞ்சா மட்டும் என் கடைக்குள்ள வரும். வண்டிச் சத்தம் கேட்டா பன்னைக் கையில வச்சுக்கிட்டே வெளிய ஓடும்."

"அன்னைக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல? கையெழுத்துத்தானே? சட்டைப் பையில பேனா இருந்துச்சு. நின்ன எடத்துல போட்டிருப்பேன். கேக்கலையே அவ!"

லாரன்ஸ் தொட்டியிலிருந்த மண்ணை வெரல்ல அமுக்கிக்கிட்டு, "பேச விட்டிருந்தாக் கேட்டிருக்குமுங்க சார்"னான். அவ்வளவுதான் சொன்னான். எகத்தாளம் பாருங்க. பேக்கரிக்காரனுக்கு வாயி.

நான் தோப்புப் பக்கம் பாத்தேன். அங்க கோகோ! கல்யாண ரிசப்ஷன்ல கோகோ! சுண்ணாம்புல கோடு போட்டு, எட்டுப் பேர் வரிசையா, ஒருத்தர் விட்டு ஒருத்தர் திரும்பி உக்காந்திருக்காங்க. பட்டுச் சேலைய வரிஞ்சு கட்டிக்கிட்டு எம்பொண்ணு ஓடறா. அப்பத்தான் அந்த வெள்ளைச் சூவு எதுக்குன்னு புரிஞ்சுச்சு. ஓடறான்னா ஓட்டமா அது? மாப்ளயோட ஆளுங்க நாலு பேர் மாத்தி மாத்தித் துரத்துனாலும் கைக்குச் சிக்க மாட்டேங்கறா. வளைஞ்சு, குனிஞ்சு, மீனாட்டம். அந்தப் பக்கம் பாத்தா சுலோசனாவும் ஓடறா. முப்பது வருசக் குடித்தனத்துல அவ ஓடி நான் பாத்ததே இல்லைங்க. தலைமுடி அவுந்து, சிரிச்சுக்கிட்டு. சனம் பூரா கத்துது. இதெல்லாம் ஒரு ரிசப்ஷனா?

ஆட்டம் மாறுச்சு. இப்ப இந்துஜா கட்சி துரத்தணும். உக்கார எட்டுப் பேர் வேணும், ஏழு பேர்தான் இருக்காங்க. எந்தம்பி மூச்சு வாங்கி ஒதுங்கிட்டான். அவ சுத்திப் பாத்தா. நேரா எங்கிட்ட வந்தா.

"அப்பா, ஒரு ஆளு குறையுதுங்க."

"போம்மிணி. பட்டு வேட்டி."

"சும்மா உக்காந்தாப் போதுங்கப்பா."

நூத்தி அறுவது பேரும் என்னையே பாக்கறாங்க. மாட்டேன்னா மரியாதையா இருக்காதுங்க. அதுக்காகத்தான் போனேன். வேற ஒண்ணும் இல்லை. வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு அந்தக் கட்டத்துல முட்டியப் போட்டு உக்காந்தேன். வலது முட்டியில மளுக்குன்னு ஒரு சத்தம். வெளிய காட்டிக்கலை. என் மொகம் கிழக்க. எனக்குப் பின்னாடி என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது. ஓடற காலடிச் சத்தம் மட்டும் கேக்குது. வருது, போகுது, வருது. எப்ப நம்மகிட்ட வரும்னு உக்காந்திருக்கறது இருக்குது பாருங்க... அது ஒரு மாதிரிங்க. அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. பெரிய ஆளுங்களை உக்கார வைக்கற விளையாட்டா அது?

முதுகுல ஒரு கை பட்டுச்சு. "கோ!"

எந்திரிச்சு ஓடணும். அதுதானாம் சட்டம். நான் எந்திரிக்கலை, திரும்பிப் பாத்தேன். எம்பொண்ணு நிக்கறா. மொகமெல்லாம் வேர்வை, நெத்திப் பொட்டு கலைஞ்சிருச்சு. நான் ஏறுனதும் பஸ்சுல பாத்தாளே, அந்தச் சிரிப்பு. அப்படியே.

"அப்பா, திரும்பக் கூடாது. ஓடுங்க!"

ஓடினேங்க. துண்டு ஒரு பக்கம் போச்சு, செருப்பு ஒரு பக்கம் போச்சு. எதுத்தாப்புல ஆரு ஓடறாங்கன்னு தெரியாம, ஒரு தென்னைமரத்தைச் சுத்தி ஓடி, கடைசியில ஆரையோ எட்டித் தொட்டேன். பாத்தா மாப்ள. வேணும்னே சிக்குனாரோ என்னமோ, அவரு ஓடுன ஓட்டத்துல எனக்கு அப்படித்தான் தோணுச்சு. அப்ப கைதட்டுனாங்க பாருங்க. அதே சனம். நேர்மையைச் சொன்னப்பத் தட்டலை, கெழவன் ஓடுனதுக்குத் தட்டறாங்க. உலகம் எங்க போயிட்டு இருக்குதுன்னு பாத்துக்குங்க.

அதுக்குத்தான் சொல்றேன், புள்ளைங்க கையில விடாதீங்க. மண்டபத்தைப் புடிங்க, மேடையப் போடுங்க, வரிசையில விடுங்க. அதுல ஒரு தொந்தரவும் கிடையாது. ஆரும் உங்களை ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க.

இந்தா, புளியம்பட்டி வந்துருச்சு. கொஞ்சம் கையைக் குடுங்க, எந்திரிக்கணும். இந்த முட்டிதானுங்க. அன்னைக்கே ஆட்டம் முடிஞ்சதும் அவ ஓடி வந்து, "வலிக்குதுங்களாப்பா?"ன்னு கேட்டா. இல்லைன்னுட்டேன். ஒன்பது நாளாச்சு, இன்னும் மடக்க முடியலை. சுலோசனா தெனமும் தைலத்தை எடுத்துட்டு வர்றா, தேச்சு விடறேன்னு. வேண்டாம்னு சொல்லிட்டு இருக்கேன்.

இருக்கட்டுமுங்க. அது பாட்டுக்கு வலிச்சுட்டுப் போகுது.